தொட்டில் வண்டி

சிமெண்டுத் தூசு படிந்த கூந்தலில் தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்த்தால் ஒரு மணம் எழும், நனைந்த புதுச் சுவரும் எண்ணெய்ச் சட்டியும் கலந்தது போல. வேறு யாருக்கும் அது மணமாகவே தோன்றாமல் போகலாம், எனக்கு அதுதான் அம்மாவின் மணம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து தலையை என் மடியில் சாய்த்துக்கொள்வாள், நான் எண்ணெயை ஊற்றி விரல்களால் அளைவேன், சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் உதிரும். "நல்லா அழுத்தித் தேயி தேனு, ஆலத்தியூரு பாதி ஏந் தலையிலதான் இருக்கு" என்பாள். வாரம் முழுக்க ஆலத்தியூர் ஆலையிலிருந்து சிமெண்டு மூட்டைகளை ஏற்றி ஊர் ஊராகக் கடைகளில் இறக்குகிற அப்பாவின் பழைய பிக்கப் வண்டிக்கு அவள்தான் "கிளீனர்".

குரும்பலூருக்குச் சற்றுத் தள்ளி ஏரிக்கரையை ஒட்டியது எங்கள் ஊர். அப்பாவின் அப்பா காலம் வரையில் பிறர் நிலத்தில் கூலிக்கு இறங்கிய குடும்பம் எங்களுடையது. அதில் சொந்தமாக நாலு சக்கரம் வைத்த முதல் ஆள் என் அப்பா. துறையூரில் யாரோ ஓட்டித் தீர்த்துவிட்டுக் கொடுத்த வண்டிதான், பச்சைச் சாயம் வெயிலில் வெளுத்துப் பாசி நிறத்துக்கு வந்திருந்தது, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் தூக்கிச் சாத்தினால்தான் சாத்தும். ஆனாலும் அது முதன்முதலாக எங்கள் தெருவுக்குள் நுழைந்த நாளில் தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. புருசன் ஓட்ட, பொண்டாட்டி அஞ்சலை கிளீனர் என்று ஆரம்பத்தில் கேலி பேசினார்கள். அம்மா அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். லோடு ஏற்றியதும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டைகளின் மேல் ஏறி உட்காருவாள், வழியில் தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால் மேலிருந்தே நலம் விசாரிப்பாள், வண்டி பின்னால் வரும்போது கீழே குதித்து நின்று "வா… வா… வா… லெப்ட்ல ஒடி… ஓல்டான்!" என்று அவள் கொடுக்கிற குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். ஓல்டான் என்றால் நிறுத்து என்று பொருள். ஓடுகிற வண்டியை நிறுத்த வேண்டுமானால் கேபின் கூரையில் இரண்டு தட்டு. அந்தத் தட்டலுக்கு அப்பாவின் கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த ஆண்டு, மாசி மாதம், அப்பா வண்டிக்கு ஒரு "பட்டை" கூட்டினார். வண்டிக்கு அடியில், சக்கரங்களுக்குப் பக்கத்தில், வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கியிருப்பார்கள். பள்ளத்தில் சக்கரம் விழும்போது அந்த அடியை வாங்கிக்கொள்வது அவைதான். பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் வண்டி இன்னும் கொஞ்சம் மூட்டை தாங்கும். ஆனால் பாரம் இறக்கிய பிறகு அதே வண்டி கருங்கல்லைப் போல் விறைத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் லோடு அடிக்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான் அது, அப்பாவும் செய்தார்.

பட்டை கூட்டிய அடுத்த வாரமே அது நடந்தது. அரியலூர்ப் பக்கம் ஒரு கடையில் மூட்டைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். பிற்பகல் வெயில். நான் முன்னால் அப்பாவின் பக்கத்தில் இருந்தேன், அம்மா காற்று வாங்கலாம் என்று பின்னால் நின்றுகொண்டு வந்தாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி அந்தச் சாலையில் ஆளை மூழ்கடிக்கிற பள்ளங்கள் விழுந்திருந்தன. எதிரே வந்த லாரி கிளப்பிய புழுதியில் ஒன்றை அப்பா பார்க்கவில்லை. வண்டி ஒரு துள்ளுத் துள்ளி விழுந்தது. என் தலை கூரையில் இடித்தது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சற்றுப் பொறுத்துக் கேபினில் இரண்டு தட்டு கேட்டது, வழக்கத்தைவிட மெல்லிய தட்டு. யாரையோ பார்த்துவிட்டாள் என்றுதான் நினைத்தோம். அப்பா ஓரம் கட்டி, "யாருடி?" என்று சிரித்தபடி இறங்கிப் போனார். அம்மா பின்தட்டில் மல்லாந்து கிடந்தாள், கை மட்டும் கேபினை எட்டியிருந்தது. தூக்கியடித்தபோது இடுப்பு பக்கப் பலகையின் இரும்பு விளிம்பில் விழுந்திருக்கிறது. "காலு இருக்கான்னு பாருங்க, எனக்குத் தெரியல" என்றாள்.

திருச்சியில் படம் எடுத்துப் பார்த்து முதுகெலும்பில் விரிசல் என்றார்கள். அறுவை வேண்டாம், ஆனால் மாதக் கணக்கில் பலகையில் படுத்திருக்க வேண்டும், எழுந்து நடந்த பிறகும் அதிர்ச்சி கூடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கால் இருந்தது, மெல்ல மெல்ல நடையும் வந்தது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வந்திருந்து சமைத்துப் போட்டார். இடுப்பில் பட்டையான பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அம்மா சுவரைப் பிடித்துக் கொல்லை வரை போய் வந்தாள். வந்து திரும்பவும் படுத்துக்கொள்வாள்.

வண்டிச் சத்தத்தைக் கேட்டே அது லோடோடு வருகிறதா காலியாக வருகிறதா என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். படுத்தபடியே "காலியாத்தான் வருது, உங்கப்பாவுக்கு ஒல வைக்கச் சொல்லு" என்பாள். ஒரு நாள் சத்தமே இல்லாமல் அப்பா வீட்டுக்குள் வந்தார், மறுநாளும் அப்படியே வந்தார்.

"வண்டிய எங்க வுட்டீங்க?"

"ஏரிக்கரையில."

"ஏன், வூட்டுக்கு வழி மறந்துருச்சா அதுக்கு?"

அப்பா கைகால் கழுவப் போய்விட்டார். அவள் படுத்திருக்கிற வீட்டின் வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்த அவருக்கு மனம் ஒப்பவில்லை என்பது எனக்கே புரிந்தது. அவர் ஒருபோதும் வாய்விட்டு அதைச் சொல்லவில்லை. வேறு கிளீனரும் வைத்துக்கொள்ளவில்லை, தனியாகவே ஏற்றி இறக்கினார். கடைத்தெருவில் அவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கி இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுவதை ஒருமுறை பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் திருமழபாடி, கொள்ளிடக் கரை. அங்கே அவளுக்கு ஒரே தம்பி, என் மாமா. பங்குனியில் நந்தி கல்யாணம் பார்த்தவர்களுக்கு அடுத்த பங்குனிக்குள் கல்யாணம் கூடிவிடும் என்று அந்தப் பக்கத்தில் நம்பிக்கை உண்டு. மாமா அந்த ஆண்டு கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு முன்னால் நின்று பார்த்ததாக ஊரே சிரித்தது. சொன்னது போலவே ஆவணியில் நாள் குறித்தார்கள். பத்திரிகை வைக்க வந்த மாமா, அம்மா படுத்திருந்த பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து, "நீ வரலன்னா முடிச்சு யாருக்கா போடறது?" என்றார். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற முடிச்சுகளை மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போட வேண்டும். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "வேற யாரையாச்சும் நிறுத்திக்கடா" என்றாள். மாமா காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

பஸ்ஸில் முயன்று பார்த்தோம். பெரம்பலூர் வரை போய்ப் பார்க்கலாம் என்று ஏறி, இரண்டாவது நிறுத்தத்திலேயே உதடெல்லாம் வெளுத்து இறங்கிவிட்டாள். பெரம்பலூர் மருத்துவமனைக்கு வாடகைக் காரில் போய் வந்தபோதும் ஓட்டியவர் அவசரத்தில் ஓட்டி, வீட்டுக்கு வந்து வலியில் காய்ச்சலே கண்டுவிட்டது. திருமழபாடி அதைப்போலப் பல மடங்கு தூரம், அதுவும் லாரிச் சாலையில். "அடுத்தவன் வண்டி நம்ம பேச்சக் கேக்காது" என்று மட்டும் அப்பா சொன்னார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு ஆத்தூர் ரோட்டிலிருந்த சலீம் பாய் பட்டறைக்குப் போனார்.

சலீம் பாய்க்குச் சாதாரணமாகப் பேசவே வராது, எதையும் கத்தித்தான் சொல்வார். அப்பா வேண்டியதைச் சொன்னதும் பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி, "பட்டையக் கூட்டுன்னு வருவானுங்க, கொறைன்னு ஒருத்தனும் வந்ததில்லண்ணே! பட்டைய உருவிட்டா சிமெண்ட எங்க ஏத்துவ, தலையிலயா? என்ன, தொழில வுட்டுட்டியா?" என்றார்.

"அவ ஒக்காந்து வரணும் பாய். அவ்ளோதான்" என்றார் அப்பா.

சலீம் பாய்க்கு அம்மாவை நன்றாகத் தெரியும்; சக்கரத்து நட்டைச் சரியாக முடுக்கவில்லை என்று ஒருமுறை அதே வாசலில் அவரோடு மல்லுக்கு நின்றவள். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, மெதுவாகப் பேசினார். "இது லோடு வண்டிண்ணே, பொறவியே அப்புடி. ஆனா செஞ்சு பாப்பம். இன்ஷா அல்லாஹ்."

ஆடி மாதத்து ஞாயிறுகள் எல்லாம் அந்தப் பட்டறையிலேயே கழிந்தன. வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றியபோது, அடியில் அது எவ்வளவு இளைத்துப்போயிருக்கிறது என்று தெரிந்தது. பட்டைக் கட்டை அவிழ்த்துப் பிரித்தார்கள். துருவேறிய பழைய பட்டைகளுக்கு நடுவில் மாசியில் போட்டது மட்டும் புதுக் கறுப்பாக இருந்தது. அதை அப்பாவே கையில் எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், கொண்டுபோய்ப் பழைய இரும்புக் குவியலில் வீசினார். விழுந்த சத்தத்துக்கு எதிர்க்கடை டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

தடித்த பட்டைகளுக்குப் பதிலாக ஏதோ ஒரு பழைய ஜீப்பிலிருந்து நீண்டு மெலிந்த பட்டைகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார் சலீம் பாய். அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கி இடையிடையே கிரீஸ் பூசி அடுக்கினார்கள். முனைகளில் தேய்ந்து இற்றுப்போயிருந்த ரப்பர் புஷ்களை மாற்றினார்கள். நாலு பக்கமும் புது ஷாக் அப்சார்பர். சக்கரங்களில் பேரிங் காய்ந்து கிடந்தது, போல்ட்டுகளின் மறை தேய்ந்திருந்தது, ஒரு டிஸ்க் கோணியிருந்தது. அத்தனையையும் புதிதாக்கி, அகலமான டயர்களைப் போட்டு, காற்றையும் கொஞ்சம் குறைத்தே வைத்தார்கள். வேலை முடிந்து இறக்கி நிறுத்தியபோது வண்டி கொஞ்சம் தாழ்ந்து, யாருக்கோ இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது போல் இருந்தது. அப்பா பின்தட்டை ஒரு கையால் அமுக்கினார். அது அமுங்கி, நிதானமாக எழுந்தது. இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தார்.

ஆனால் அவருக்கு அது போதவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மெத்தையைப் பின்தட்டில் விரித்து, அம்மா படுக்க வேண்டிய இடத்தில் தானே மல்லாந்து படுத்துக்கொண்டு, "எடுங்க பாய், கல்லு ரோட்டுக்கு வுடுங்க" என்றார். சலீம் பாய் ஓட்ட, நான் கேபினில் இருந்து, கண்ணாடி உடைந்துபோன பின்சன்னல் வழியாக அப்பாவைப் பார்த்துக்கொண்டே போனேன். வானத்தைப் பார்த்துக் கண் சிமிட்டாமல் கிடந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "இன்னும் தூக்குது… இன்னும் தூக்குது" என்று கத்தினார். அவ்வழியே போன இரண்டு பேர், ஆளுக்கு என்ன ஆச்சோ என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். சலீம் பாய் நிறுத்தி இறங்கி, "பாரம் இல்லாத வண்டி துள்ளத்தாண்ணே செய்யும். இதுக்கு எடை வேணும்" என்று சொல்லி, ஓடையோரம் மணல் அள்ளிச் சாக்குகளில் கட்டிப் பின்சக்கரத்துக்கு நேர் மேலே அடுக்கினார். திரும்பவும் அப்பா படுத்தார். திரும்பவும் அதே சாலை. இந்த முறை பின்னாலிருந்து குரலே வரவில்லை. என்னவோ ஏதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். முகமெல்லாம் வெள்ளைப் புழுதி, கண்ணோரத்தில் மட்டும் இரண்டு ஈரக் கோடு. தூசி விழுந்துவிட்டது என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலை, பல மாதத்துக்குப் பிறகு, வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. அத்தை மெத்தையைத் தட்டிப் போட்டார். அம்மா பெல்ட்டின் மேல் பட்டுச்சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள், மெத்தையைப் பார்த்தாள், முகம் மாறியது. "பொணத்தக் கொண்டு போற மாதிரி என்னயப் படுக்க வச்சா கொண்டு போவீங்க? ஏந் தம்பி கல்யாணத்துக்கு?" என்றாள். அவள் சுவரை விட்டுவிட்டு மெதுவாக நடந்து வண்டியைச் சுற்றி வந்தாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். குனிய முடியாது, ஆனால் குனியாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பட்டைய எடுத்துட்டீங்களா?"

"ம்."

"இதுல சிமெண்டு ஏத்துனா உக்காந்துருமே. நாளைக்கி எதை ஏத்துவீங்க? எதைத் தின்போம்?"

"சிமெண்டு இல்லன்னா வேற எதாச்சும் ஏத்திக்கலாம் புள்ள" என்றார் அப்பா. "நீ ஏறு மொதல்ல."

அம்மாவுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது முந்தியது என்று என்னால் சொல்ல முடியாது. பக்கப் பலகையின் இரும்பு விளிம்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு, "முன்னாடிதான் ஒக்காருவேன்" என்று சொல்லி, அப்பா தூக்கிவிட, கேபினில் ஏறினாள். அவளுக்காகப் போட்ட மெத்தையில் மணல் சாக்குகளுக்கு நடுவில் நானும் அத்தையும் போனோம்.

அப்பா அவ்வளவு மெதுவாக ஓட்டி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அரியலூரை நெருங்கியதும் எங்களுக்குப் பின்னால் கல் லாரிகள் வரிசையாகச் சேர்ந்துகொண்டு ஒலியெழுப்பின. ஒரு லாரி பக்கத்தில் வந்து உரசுவது போல் ஒட்டி, ஓட்டுநர் எட்டிப் பார்த்து ஏதோ வைதார். அதற்குள் இந்தப் பக்கச் சன்னலிலிருந்து, "ஏய்யா, ஒன் லாரிக்கு பிரேக் இல்லியா? கல்லு என்ன பொறுக்காம அழுவுதா? பின்னாடி வாய்யா!" என்று ஒரு குரல் எழுந்தது. மாசிக்குப் பிறகு வீட்டில் யாருமே கேட்டிராத குரல். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார். முன்னால் அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது.

கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. எட்டிப் பார்த்தேன். அதே பள்ளம். மழையில் இன்னும் அகன்று, இரண்டு பக்கமும் விலகிப் போக வழியில்லாமல் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அப்பா என்ஜினை அணைக்காமல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய பிடரி வியர்த்திருந்தது. பின்னால் லாரிகள் கத்தின. அம்மா சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தாள். "வா…" என்றாள். அப்பா அசையவில்லை. "வாங்க, நான் பாத்துக்கறேன். வா… வா… லெப்ட்ல ஒடி… இன்னும் கொஞ்சம்… வா…" சக்கரம் இறங்கியது, வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தது, தண்ணீர் சலசலத்தது, பிறகு ஒரு பெருமூச்சு போல் மேலே ஏறியது. "ரைட், போங்க" என்றாள் அம்மா.

திருமழபாடிக் கோயிலில் மாமா தாலி கட்டினார். மற்ற முடிச்சுகளை அம்மா போட்டாள். அவளால் குனிய முடியாதென்று மணப்பெண் எழுந்து நின்று கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்துக் காத்திருந்தாள். பின்னால் நின்ற அப்பா, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அம்மாவின் இடுப்புக்குப் பக்கத்தில் கையைத் தொடாமல் தாங்கிக்கொண்டிருந்தார்.

அம்மா சொன்னது போல் அதற்குப் பிறகு சிமெண்டு ஏற்ற முடியவில்லை. சில மாதம் சிரமப்பட்டோம். சோறு குறையவில்லை, கறி குறைந்தது. பிறகு முட்டைக்காரர் ஒருவர் வந்தார், கண்ணாடிக் கடைக்காரர் வந்தார், உடையக் கூடியதெல்லாம் எங்களைத் தேடி வந்தது. அடுத்து, கை ஒடிந்தவர்கள், அறுவை முடிந்து வீடு திரும்புகிறவர்கள், மாதம் நிறைந்த பெண்கள். மெத்தை பின்தட்டிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அம்மா முன்னால் இருந்தபடி பள்ளத்துக்குப் பள்ளம் குரல் கொடுத்துக்கொண்டு போவாள். சுற்றுப்பட்ட ஊர்களில் அதற்குத் "தொட்டில் வண்டி" என்று பெயர் விழுந்தது. பிறக்கப் போகிற பிள்ளை ஊருக்குள் கேட்கிற முதல் சத்தம் அஞ்சலையின் "ஓல்டான்"தான் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் கல்லூரி முடித்த ஆண்டு ஒரு காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். இடுப்பு அவளை ஒன்றும் செய்யவில்லை. அப்பா கொஞ்ச காலம் தனியாக ஓட்டிப் பார்த்தார், முடியவில்லை. அரியலூரில் ஒருவர் வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு அப்பாவின் கண் முன்னாலேயே பட்டறையில் நிறுத்தித் தடித்த பட்டைகளைப் போடச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. கேட்டதற்கு, "லோடு வண்டின்னா லோடு ஏத்தணும்ல" என்றார் அப்பா. மெத்தையை மட்டும் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

இப்போது நான் பெரம்பலூரில் வேலையில் இருக்கிறேன். சின்னதாய் ஒரு கார் இருக்கிறது. போன மாதம் மாமா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு திருமழபாடிக்குப் போனேன். சாலை அகலமாகி வழவழப்பாகக் கிடக்கிறது. அந்தப் பள்ளம் எந்த இடத்தில் இருந்தது என்று நானும் அவரும் ஆளுக்கொரு இடத்தைக் காட்டினோம். நான் ஓட்ட, அவர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். கீழப்பழுவூர் தாண்டி, கவனிக்காமல் ஒரு வேகத்தடையில் காரை விட்டுவிட்டேன். அந்த நொடியில் அப்பாவின் இடக்கை தானாக எழுந்து பக்கவாட்டில் நீண்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த காலத்தில், குலுங்கல் வருமுன் இடப்பக்கம் இருப்பவளை அணைத்து நிறுத்திப் பழகிய கை. அது கதவுக் கண்ணாடியில் போய் முட்டியது.

அவர் கையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை உள்ளங்கையால் மெல்லத் துடைத்தார்.

"தூசு" என்றார்.

கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. நான் காரின் வேகத்தைக் குறைத்தேன்.